முதுகு நீர் சொல்லும் செய்தி

காய்ச்சல் வராத வீடு இல்லை. பல காய்ச்சல்கள் மூன்று நாளில் இறங்கிவிடும். கஞ்சியும் ஓய்வும் போதும். ஆனால் ஒரு காய்ச்சல் அப்படி இல்லை. அது ஒரே நாளில் உயிரைப் பறித்துவிடும். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது கேட்காமல் போகும். சிலருக்கு வலிப்பு வரும். சில குழந்தைகளுக்குப் படிப்பு ஏறாது.

அதுதான் மூளை உறைக் காய்ச்சல். மருத்துவர்கள் இதை மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். மக்கள் பொதுவாக மூளைக் காய்ச்சல் என்பார்கள்.

பெயர் ஒன்றுதான். ஆனால் காய்ச்சல் ஒன்று அல்ல. பல வகை உண்டு. ஒரு வகைக்கு ஒரு மருந்து. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே, எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்ப்போம்.

மூளைக்கு மூன்று உறைகள்

தேங்காயை நினைத்துப் பாருங்கள். வெளியே மட்டை. அதற்குள் ஓடு. அதற்குள் பருப்பு. நம் மூளையும் மண்டை ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே மூன்று மெல்லிய உறைகள் இருக்கின்றன. இந்த உறைகள் முதுகெலும்புக்குள் இறங்கி, தண்டுவடத்தையும் மூடுகின்றன.

உறைகளுக்கு இடையே ஒரு நீர் ஓடுகிறது. இதன் பெயர் தண்டுவட நீர். இது கிணற்று நீர் போலத் தெளிவாக இருக்கும். மூளைக்கு அடிபடாமல் இது காக்கிறது.

கிருமிகள் இந்த உறைகளுக்குள் புகுந்தால் உறைகள் வீங்கும். நீர் மாறிவிடும். கடுமையான தலைவலி வரும். காய்ச்சல் வரும். வாந்தி வரும். கழுத்து விறைத்துப் போகும். இதுதான் மூளை உறைக் காய்ச்சல்.

எந்தக் காய்ச்சல் என்று கேட்ட நகரம்

நம் நாட்டில் நோய்க்கிருமி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற நகரம் கொல்கத்தா. 1835-இல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1914-இல் அதன் அருகே வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார்கள். வெப்ப நாடுகளில் வரும் நோய்களை ஆராய்வதே அதன் வேலை.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு இறுதியில் அவர் கொல்கத்தா வந்தார். காலரா எந்தக் கிருமியால் வருகிறது என்பதை 1884-இல் அங்கிருந்து அறிவித்தார். 1898-இல் ரொனால்டு ராஸ் அதே நகரத்தில் கொசுக்களை ஆராய்ந்தார். பறவைகளின் மலேரியா கொசு வழியாகப் பரவும் விதத்தைக் காட்டினார்.

இவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நோய்க்கு உண்மையான காரணம் எது? இன்றும் கொல்கத்தா மருத்துவமனைகளில் தினமும் இந்தக் கேள்வி எழுகிறது.

நான்கு நோயாளிகள்

ஓர் எடுத்துக்காட்டு. கொல்கத்தாவில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. ஒரே நாளில் அங்கே நான்கு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வருவது ஹவுராவிலிருந்து ஒரு குழந்தை. வயது இரண்டு. நேற்று மாலை வரை விளையாடியது. இரவில் காய்ச்சல். விடியும்போது வலிப்பு.

இரண்டாவதாக ஒரு கல்லூரி மாணவி. மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. ஆனால் நன்றாகப் பேசுகிறாள்.

மூன்றாவதாக ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலையில் வேலை செய்யும் தொழிலாளி. மூன்று வாரமாக மாலையில் காய்ச்சல். உடம்பு இளைத்துவிட்டது. இப்போது ஒரு கண் மாறுகண் போல ஆகிவிட்டது. பேச்சும் குழறுகிறது.

நான்காவதாக ஒரு கடைக்காரர். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது. ஒரு மாதமாகத் தலைவலி. மாத்திரை போட்டும் குறையவில்லை.

நான்கு பேருக்கும் தலைவலியும் காய்ச்சலும் உண்டு. நான்கு பேருக்கும் ஒரே நோயா? இல்லை.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

மருத்துவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். எத்தனை நாளாக? இது மிக முக்கியமான கேள்வி. சில மணி நேரத்தில் முற்றினால் பாக்டீரியா என்ற கிருமியாக இருக்கலாம். சில நாளாக இருந்து, நினைவு தெளிவாக இருந்தால் வைரஸ் கிருமியாக இருக்கலாம். வாரக் கணக்கில் இழுத்தால் காசநோய்க் கிருமியோ, பூஞ்சைக் கிருமியோ இருக்கலாம். ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள்.

அடுத்து, மருத்துவர் நோயாளியின் தலையை மெல்ல முன்னால் வளைப்பார். நல்ல உடம்பு என்றால் முகவாய்க்கட்டை நெஞ்சைத் தொடும். இந்த நோயில் கழுத்து வளையாது. பிறகு நோயாளியைப் படுக்க வைத்து, மடக்கிய காலை நீட்டிப் பார்ப்பார். வலியால் கால் நீளாது.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். அப்போது உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பார். அது மேலே புடைத்திருந்தால் ஆபத்து. குழந்தை பால் குடிக்காது. ஓயாமல் வீறிட்டு அழும். அல்லது துவண்டு கிடக்கும்.

தோலையும் பார்ப்பார். சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் இருக்கின்றனவா? கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் அந்தப் புள்ளிகள் மறையவில்லையா? அப்படியானால் மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமியாக இருக்கலாம். இது கூட்டமான இடத்தில் வேகமாகப் பரவும். 2005-இல் டில்லியில் இந்த நோய் பரவியது.

ரத்தமும் எடுப்பார்கள். மலேரியாவும் மூளையைத் தாக்கும். அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இவை எல்லாம் சந்தேகத்தைத்தான் தரும். முடிவான பதிலைத் தராது. பதில் தண்டுவட நீரில் இருக்கிறது.

முதுகில் ஊசி என்றால் பயமா?

இங்கேதான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று யாரோ சொல்வார்கள். மூளை நீர் வற்றிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். உடனே நோயாளியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் உயிரே போய்விடக் கூடும்.

உண்மை என்ன? 1891-இல் ஜெர்மனியில் குவிங்கே என்ற மருத்துவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் செய்கிறார்கள். தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. ஊசி குத்துவது அந்த இடத்தில். அதனால் தண்டுவடத்தில் ஊசி படாது.

எவ்வளவு நீர் எடுப்பார்கள்? குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி. நம் உடம்பு ஒரு நாளில் ஏறக்குறைய அரை லிட்டர் தண்டுவட நீரைப் புதிதாக உண்டாக்குகிறது. எடுத்த நீர் சில மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும்.

நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். முழங்காலை வயிற்றோடு மடக்குவார்கள். மரத்துப்போக மருந்து போடுவார்கள். பிறகு மெல்லிய ஊசியால் நீரை எடுப்பார்கள். சிலருக்குப் பிறகு தலைவலி வரும். பெரும்பாலும் சில நாளில் போய்விடும்.

எல்லோருக்கும் உடனே செய்வதும் இல்லை. மூளையில் அழுத்தம் மிக அதிகம் என்று சந்தேகம் வந்தால் முதலில் தலையை ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும் பொறுத்துச் செய்வார்கள். எது சரி என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குப்பியைக் கையில் வைத்திருப்பவர் கவனத்துக்கு

பல மருத்துவமனைகளில் நீர் அடைத்த குப்பியை உறவினரிடம் கொடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குப்பி உங்கள் கைக்கு வந்தால் நேராக ஆய்வுக்கூடம் போங்கள். வழியில் டீக்கடையில் நிற்காதீர்கள். ஓரிரு மணி நேரம் கடந்தால் நீரில் உள்ள அணுக்கள் சிதைந்துவிடும். சில கிருமிகள் குளிரில் செத்துவிடும். யாரும் சொல்லாமல் ஐஸில் வைக்காதீர்கள். குப்பியில் நோயாளியின் பெயர் ஒட்டியிருக்கிறதா? படித்துப் பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

ஆய்வுக்கூடத்தில் முதலில் நீரைக் கண்ணால் பார்ப்பார்கள். தெளிவாக இருக்கிறதா? கலங்கலா? பிறகு நுண்ணோக்கியில் வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள். வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். நல்ல நீரில், ஒரு கடுகு அளவு துளியில் ஐந்துக்கு மேல் இருக்காது. கிருமி வந்தால் காவல்காரர்கள் கூட்டமாக வருவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எந்த வகைக் காவல்காரர்கள் என்றும் பார்ப்பார்கள்.

அடுத்து சர்க்கரை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு இந்த நீரில் இருக்கும். சில நோய்களில் அது குறையும். அடுத்து புரதம். உறை வீங்கினால் புரதம் கூடும்.

பிறகு கிருமியையே தேடுவார்கள். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1884-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் ஒரு சாய முறையைச் சொன்னார். அதில் சில கிருமிகள் ஊதாவாகத் தெரியும். சில இளஞ்சிவப்பாகத் தெரியும். மீதி நீரில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். நாற்றங்காலில் விதை போடுவது போல. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்றும் இதில் தெரியும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

நான்கு குப்பிகள், நான்கு பதில்கள்

நம் நான்கு நோயாளிகளின் குப்பிகளும் ஆய்வுக்கூடம் வந்துவிட்டன.

குழந்தையின் நீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கல். வெள்ளை அணுக்கள் ஆயிரக் கணக்கில். பாக்டீரியாவோடு சண்டை போடும் வகை அணுக்கள். சர்க்கரை மிகவும் குறைவு. புரதம் அதிகம். சாயம் ஏற்றினால் ஊதா நிறத்தில் இரண்டு இரண்டாகக் கிருமிகள். இது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. நரம்பில் ஏற்றும் மருந்து உடனே வேண்டும்.

மாணவியின் நீர் தெளிவாக இருக்கிறது. அணுக்கள் நூறு, இருநூறுதான். அவையும் வேறு வகை. சர்க்கரை சரியாக இருக்கிறது. புரதம் சற்றே கூடுதல். கிருமி வளரவில்லை. இது வைரஸ் வகை. இந்த வகையில் பலர் ஓய்விலும் கவனிப்பிலும் குணமாவார்கள்.

தொழிலாளியின் நீர் ஏறக்குறையத் தெளிவு. ஆனால் குப்பியை அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை போல ஒரு படலம் உண்டாகிறது. அணுக்கள் சில நூறு. சர்க்கரை குறைவு. புரதம் மிக அதிகம். இது காசநோய் வகை. சாயம் ஏற்றினால் காசநோய்க் கிருமி சிவப்புக் குச்சி போலத் தெரியும். ஆனால் தண்டுவட நீரில் கிருமி கொஞ்சம்தான் இருக்கும். பல முறை கண்ணில் படாது. வளர்த்துப் பார்க்க வாரக் கணக்கில் ஆகும். இன்று சிபிநாட் என்ற இயந்திரம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் கிருமியின் அடையாளத்தைச் சொல்லும். இல்லை என்று சொன்னாலும் மருத்துவர் அதை மட்டும் நம்பமாட்டார். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து மருந்து தொடங்குவார். இந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஓராண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

கடைக்காரரின் நீரில் ஒரு துளி எடுத்து, அதனுடன் கறுப்பு மையைக் கலக்குகிறார்கள். இந்திய மை என்பது அதன் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டு வானில் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல, கிருமியைச் சுற்றி ஒளி வட்டம் தெரிகிறது. இது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. இதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். பாக்டீரியா மருந்து வேலை செய்யாது.

பார்த்தீர்களா? தலைவலி ஒன்று. காரணம் நான்கு. மருந்தும் நான்கு விதம்.

மருந்து காத்திருக்காது

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் மருந்தா? இல்லை. பாக்டீரியா வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும். ரத்தமும் நீரும் எடுத்த உடனே மருந்து ஏறும். நீர் எடுக்கத் தாமதம் ஆனால் மருந்தை முதலில் கொடுப்பார்கள். முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றுவார்கள், அல்லது நிறுத்துவார்கள்.

அப்படியானால் நாமே கடையில் மருந்து வாங்கிக் கொடுக்கலாமா? கூடாது. கடையில் வாங்கும் இரண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது. ஆனால் பாதி அடக்கிவிடும். பிறகு ஆய்வுக்கூடத்தில் கிருமி வளராது. எந்த வகை என்று தெரியாமல் போகும். ஏதாவது மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அட்டையையும் கொண்டு போங்கள்.

மூளையையே தாக்கும் காய்ச்சல்

உறையை விட்டு மூளையையே தாக்கும் காய்ச்சலும் உண்டு. அதில் நோயாளி குழம்பிப் பேசுவார். நினைவு தப்பும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அப்படிப்பட்டது. நெல் வயல் நீரில் பெருகும் கொசு இதைப் பரப்புகிறது. இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1955-இல், நம் வேலூர்ப் பகுதியில். 1973-இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் பெரிய அளவில் பரவியது. இதற்கும் தண்டுவட நீரில் தனிச் சோதனை உண்டு.

2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் ஒரு காய்ச்சல் பரவியது. அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவமனையில் வேலை செய்தவர்களும், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். என்ன நோய் என்று அப்போது தெரியவில்லை. சேர்த்து வைத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தார்கள். அது நிபா வைரஸ் என்று 2006-இல் வெளியான ஆய்வு சொன்னது. நோய் எது என்று அன்றே தெரிந்திருந்தால், பக்கத்தில் இருந்தவர்களைக் காக்க வழி செய்திருக்கலாம். சோதனை ஒருவருக்காக மட்டும் அல்ல. ஊருக்காகவும்தான்.

வருமுன் காப்போம்

தடுப்பூசிகள் இருக்கின்றன. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளைக் காசநோய் மூளை உறைக் காய்ச்சலிலிருந்து காக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற கிருமிக்கும் காப்பு உண்டு. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதும் வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் உள்ள மாவட்டங்களில் அதற்கும் ஊசி போடுகிறார்கள். எல்லாம் அரசு மையங்களில் இலவசம்.

நினைவில் வையுங்கள்

காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் இவற்றில் ஏதேனும் வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதுகு நீர்ச் சோதனை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். கிருமியின் பெயரைச் சொல்வது அந்த ஒரு தேக்கரண்டி நீர்தான்.

கலந்து பேசுங்கள்

1. முதுகில் நீர் எடுப்பது பற்றி உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? அது உண்மையா?

2. காய்ச்சல் தொடங்கிய நாளை மருத்துவரிடம் ஏன் சரியாகச் சொல்ல வேண்டும்?

3. உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் படியுங்கள். எந்த ஊசி போட்டாயிற்று? எது பாக்கி?

4. இரவில் உங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு எப்படிப் போவது? 108-க்குப் போன் செய்ய எல்லோருக்கும் தெரியுமா?